ஒன்பதாம் கொக்கியில் ஹெல்மெட் இல்லை

சிலியில் நெருப்பணைக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நாங்கள்தான் மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். அடுத்தவர் வீட்டுத் தீக்குள் போக நுழைவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். தீயணைப்புப் படையில் சேர மனு எழுத வேண்டும், இரண்டு பேர் சிபாரிசு செய்ய வேண்டும், பிறகு எல்லோரும் கூடி ஓட்டுப் போட வேண்டும். எங்கள் துறைமுக ஊரில் மேயர் ஆவது இதைவிடச் சுலபம்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்த பிறகுதான் தெரிகிறது, தீயை அணைப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி, மீதியெல்லாம் மரியாதை. கேப்டன் ரொட்டியைப் பிய்ப்பதற்கு முன் யாரும் ரொட்டியைத் தொடக் கூடாது. இன்னொருவன் கையில் இருக்கும் குழாய் முனையை வாய்விட்டுக் கேட்கக் கூடாது. அவன் தோளைத் தொட்டுவிட்டு, அவனாகத் தரும்வரை நிற்க வேண்டும். 'நான் அணைத்தேன்' என்று சொல்லவே கூடாது. 'அணைந்தது' என்றுதான் சொல்ல வேண்டும், ஏதோ தீக்கே அலுத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிட்ட மாதிரி.

இந்த மரியாதைகளுக்கெல்லாம் கை கால் முளைத்தால் அதன் பெயர் எவாரிஸ்தோ கார்கமோ. அறுபத்தாறு வயது. கடைவீதியில் பொத்தானும் நாடாவும் விற்கும் கடையில் சிப்பந்தி. நிலையத்தில் சங்கு ஊதினால் நாடாவைப் பாதி வெட்டிய கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். வாடிக்கையாளர்கள் மீதியைத் தாங்களே வெட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களிலும் தேநீர் வந்த நேரத்தில் சங்கு ஊதியது. மூன்றாவது இடத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

படையின் விதிப் புத்தகத்தில் பாதி அவர் எழுதியது. பல வருடங்களாக ஆஜர்ப் பட்டியலும் அவர் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தீயும் அணைந்த பிறகு, புகை வாசனையோடு தெருவிலேயே வரிசையில் நிற்போம். பெயர் அழைக்கப்படும். முதல் பெயர் எப்போதும் லதிஸ்லாவோ பின்தோ. அறுபது வருடத்துக்கு முன் மாவுக் கிடங்கின் சுவர் விழுந்து இறந்துபோனவர். அவர் பெயரை அழைத்ததும் படை முழுவதும் ஒரே குரலில் "ஆஜர்!" என்று கத்தும். செத்தவர்களுக்கு மட்டுமே அந்த மரியாதை. உயிரோடு இருப்பவன் அவனவன் தொண்டையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பட்டியலை எவாரிஸ்தோ எப்படிக் காப்பாற்றினார் என்பதற்கு மாரிட்ஸா கதை ஒன்று போதும். மாரிட்ஸா டவுன் பஸ் ஓட்டுகிறவள். மூன்று வருடத்துக்கு முன் மீன் சந்தையில் தீப்பிடித்தபோது, பயணிகளோடு பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு நேராக ஓடிவந்தாள். ஹெல்மெட் நிலையத்தில் இருந்தது. வெறுந்தலையோடு இரண்டு மணி நேரம் குழாய் இழுத்தாள். புருவம் ஒன்று கருகிப்போனது. கடைசியில் எவாரிஸ்தோ பெயர்களை அழைத்துக்கொண்டே வந்து அவள் பெயரைத் தாண்டிப்போனார்.

"அண்ணே, என் பேரு?"

"யாரும்மா நீ?"

"விளையாடாதீங்க. புருவத்தப் பாருங்க, கருகிப்போச்சு."

"தலையில ஹெல்மெட் இல்லாம தீக்கிட்ட நிக்கிறவங்க என் கணக்குல வழிப்போக்கர். வழிப்போக்கருக்குப் பட்டியல்ல இடம் இல்ல. பஸ்ஸுல ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, போம்மா."

அவள் போனாள். பயணிகள் கைதட்டினார்கள். பட்டியலில் அன்றைக்கு அவள் இல்லை.

போன வருடம் படை ஓட்டுப் போட்டுப் பட்டியல் வேலையை மாரிட்ஸாவிடம் கொடுத்தது. பழிவாங்கலா என்று கேட்டால், ஓட்டுப்பெட்டிக்குள் நடப்பதைப் பேசுவது மரியாதையில்லை.

இனி பதக்கத்துக்கு வருகிறேன். நாற்பது வருட ஊழியத்துக்குத் தங்கப் பதக்கம் உண்டு. வருடம் மட்டும் போதாது, இரண்டாயிரத்து நானூறு தடவை ஆஜர் ஆகியிருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த விழா. இந்தத் தடவை விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எவாரிஸ்தோவின் எண்ணிக்கை இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அடுத்த விழாவுக்கு எழுபத்தொன்று ஆகிவிடும், அந்த முழங்காலோடு வண்டியில் ஏறவும் முடியாது.

ஒரே ஒரு தீ வேண்டும். ஊரோ மூன்று வாரமாக வெட்கமே இல்லாமல் பத்திரமாக இருந்தது. தீ வரட்டும் என்று வேண்டிக்கொள்வது படையில் பெருங்குற்றம். அந்த விதியையும் அவரேதான் எழுதினார். ஆகவே அவர் வேண்டிக்கொள்ளவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் வீட்டு வயரிங் எத்தனை வருடப் பழசு என்று அக்கறையாக விசாரித்தார், அவ்வளவுதான்.

விழா ஊர்வலத்துக்காகத் தன் தோல் ஹெல்மெட்டை மெருகேற்ற வீட்டுக்கு எடுத்துப்போனார். எழுத்தில் அனுமதி வாங்கித்தான். அந்த ஹெல்மெட் நாற்பது வருடமாக நிலையத்தில் ஒன்பதாம் எண் கொக்கியில் தொங்கியது. முதல் தடவையாக அது வெளியூர் போன மாதிரி.

ஞாயிறு மதியம், அடுப்பில் மெழுகை உருக வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைச் சமையலறை மேசையில் வைத்திருந்தார். சங்கு ஊதியது. நாற்பது வருடப் பழக்கம் என்ன செய்யுமோ அதைச் செய்தது. அடுப்பை மறந்தார், எதிரிலேயே இருந்த ஹெல்மெட்டை மறந்தார், கதவைப் பூட்ட மட்டும் மறக்கவில்லை. குன்றின் படிக்கட்டுகளில் வெறுங்கையோடு இறங்கி ஓடிவந்தார்.

அந்த அழைப்பு பொய். யாரோ பால்கனியில் இறைச்சி சுட்ட புகை. வண்டி கிளம்பும் முன்பே ரேடியோ வேண்டாம் என்றது. வண்டி வெளியே போகாவிட்டால் பட்டியலும் கிடையாது. எவாரிஸ்தோ ஒன்பதாம் கொக்கியைப் பார்த்தபடி நின்றார்.

"என்னண்ணே, தலைய எங்க வச்சீங்க?" என்றாள் மாரிட்ஸா.

"வீட்டுல."

"தலையயா?"

அவர் பதில் சொல்வதற்குள் சங்கு மறுபடியும் ஊதியது. ரேடியோவில் முகவரி வந்தது. மேல்குன்று, படிக்கட்டுத் தெரு, நாற்பத்தொன்றாம் எண் வீடு. சமையலறையிலிருந்து புகை வருவதாகப் பக்கத்து வீட்டு சொய்லா அம்மா சொல்கிறார்.

அது யார் வீடு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே போய் அவர் சுடும் கேக்கைத் தின்று கஷ்டப்பட்டவர்கள் நாங்கள். கேப்டன் உர்சுவா வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார்.

"அண்ணே, முன்னாடி ஏறுங்க."

எவாரிஸ்தோவின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் ஒரு அடி பின்னால் போனார். "ஹெல்மெட் இல்லாதவன் வண்டியில ஏறக்கூடாது, கேப்டன்."

"யோவ், எரியறது உங்க வீடுய்யா!"

"வீடு என்னோடதுதான். வண்டி படையோடது."

சொல்லிவிட்டுப் படிக்கட்டில் ஓடினார். வண்டி குன்றைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மோசமான முழங்காலோடு அவர் எங்களுக்கு முன்பே வந்து சொய்லா அம்மா பக்கத்தில் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றார். கூட்டத்தைத் தடுக்க நாங்கள் கயிறு கட்டியதும், யாரும் சொல்லாமலே கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். சமையலறை ஜன்னலில் தீ நாக்கு நீட்டியது. கூரைத் தகரம் டப் டப் என்று வெடித்தது.

வீட்டுக்காரர் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் கதவை உடைக்க வேண்டும் என்பது விதி. முப்பது வருடமாக அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்ட கேப்டன் கோடாரியோடு அவர் முன்னால் வந்து விறைப்பாக நின்றார்.

"ஐயா, வீட்டுக்காரர் நீங்களா?"

"ஆமா."

"கதவை உடைக்க அனுமதி வேணும்."

"சாவி இருக்கான்னு முதல்ல கேக்கணும். அத விட்டுட்டீங்க," என்று எவாரிஸ்தோ பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

குழாய் முனை என் கையில் இருந்தது. கூடத்து வழியாகப் போய்ச் சமையலறை வாசலில் மண்டியிட்டேன். சூடு காதைத் தின்றது. பின்னால் வந்தவன் அவசரத்தில் "குடுடா இங்க!" என்று முனையைப் பிடித்து இழுத்தான். அவ்வளவு சத்தத்திலும் தெருவிலிருந்து ஒரு குரல் ஜன்னல் வழியாகத் தெளிவாக வந்தது.

"தோளத் தொடுடா, எருமை! தோளத் தொட்டுட்டு நில்லு!"

அவன் தோளைத் தொட்டான். நான் கொடுத்தேன்.

இருபது நிமிடத்தில் அணைந்தது. சமையலறையும் பின்பக்கக் கூரையும் போய்விட்டன. முன் அறையும் படுக்கையும் தப்பின. கேப்டன் கருகிய மேசையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவந்தார். ஒரு பக்கம் அடிப்பிடித்த ரொட்டி மாதிரி கன்றிச் சுருங்கியிருந்தது. இன்னொரு பக்கம் மெருகில் பளபளத்தது.

"போட்டுக்கங்க அண்ணே. பட்டியல் எடுக்கப் போறாங்க."

எவாரிஸ்தோ கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "வரும்போது தலையில இல்ல. இப்ப போட்டுக்கிட்டா அது ஏமாத்து. ஒன்பதாம் கொக்கியில மாட்டிடுங்க."

அப்போதுதான் எங்களுக்கு முழுதாக உறைத்தது. வீடு பாதி போய்விட்டது. பதக்கமும் போகப்போகிறது. போவதைத் தானே கதவு வரைக்கும் வந்து வழியனுப்பிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

வரிசையில் நின்றோம். மாரிட்ஸா நோட்டைத் திறந்தாள். அவளுக்கு இதைவிட நல்ல நாள் வராது என்று எல்லோரும் நினைத்தோம். விதி அவள் பக்கம், அந்த விதியைச் சொன்ன வாயும் எதிரிலேயே.

"லதிஸ்லாவோ பின்தோ."

"ஆஜர்!" என்று எல்லோரும் கத்தினோம். கயிற்றுக்கு வெளியே நின்றவரின் உதடும் அசைந்தது.

பெயர்கள் வந்தன. ஒவ்வொருவராக ஆஜர் சொன்னோம். பிறகு அவள் தலையைத் தூக்காமல் அழைத்தாள்.

"எவாரிஸ்தோ கார்கமோ."

எங்கோ தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.

"எவாரிஸ்தோ கார்கமோ."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். யாரும் சைகை காட்டவில்லை, யாரும் யாரையும் இடிக்கவில்லை. இதைப் பிற்பாடு விசாரணையிலும் சத்தியம் செய்து சொன்னோம். மூன்றாவது தடவை அவள் பெயரைச் சொல்லி முடித்ததும் படை முழுவதும் தொண்டை கிழியக் கத்தியது.

"ஆஜர்!"

எவாரிஸ்தோ தேள் கொட்டினவர் மாதிரி துள்ளினார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"டேய்! நான் இன்னும் சாகலடா! அது செத்தவங்களுக்குச் சொல்றதுடா! எழுபத்திரண்டாவது விதி! ஒருத்தனுக்காவது படிப்பு இருக்கா?"

மாரிட்ஸா பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். "யாரோ பேசற சத்தம் கேக்குது. யாருங்க அது?"

"யாரா? நான்தான், கார்கமோ!"

"எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா! கண்ணு தெரியலையா?"

"தெரியுது. அவரே சொல்லிட்டாரு," என்று எழுதி, அடியில் கோடு போட்டு நோட்டை மூடினாள்.

"ஹெல்மெட்..." என்றார் எவாரிஸ்தோ.

"அண்ணே, அன்னிக்கு நான் தீக்கிட்ட நின்னேன், அதனால ஹெல்மெட் கேட்டீங்க. நீங்க இன்னிக்குக் கயித்துக்கு வெளிய நின்னு முனை கை மாறறதச் சரி பண்ணீங்க. வெளிய நிக்கிறவங்களுக்கு ஹெல்மெட் வேணும்னு எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கும் எழுதவில்லை. அவர் மனதுக்குள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது முகத்திலேயே தெரிந்தது. பட்டியலில் ஏறிய பெயரை அழிக்கக் கூடாது என்பது மட்டும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதுவும் அவர் எழுதியதுதான்.

அன்று சாயங்காலமே, மாரிட்ஸாவிடம் பேனாவை இரவல் வாங்கி, படை மொத்தத்தின் மீதும் நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினார். செத்தவருக்கு உரிய மரியாதையை உயிரோடிருப்பவருக்குக் கொடுத்தது குற்றம். ஒழுங்கு மன்றம் புதன்கிழமை கூடி விசாரித்தது. குற்றம் உறுதியானது. அந்தப் பட்டியலில் ஆஜரான இருபத்துமூன்று பேரும் நான்கு ஞாயிறுகள் நிலையத்துக் குழாய் அத்தனையையும் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று தீர்ப்பு. எவாரிஸ்தோ திருப்தியாகத் தலையாட்டினார். யாரோ எண்ணிப் பார்த்துவிட்டு, இருபத்துமூன்றாவது பெயர் கார்கமோ என்று சொல்லும்வரை.

சனிக்கிழமை பதக்கம் குத்தினார்கள். ஊர்வலத்தில் கன்றிப்போன ஹெல்மெட்டோடு நடந்தார். கருகிய பக்கம் கூட்டத்தைப் பார்த்தபடி, மெருகேறிய பக்கம் எங்களைப் பார்த்தபடி.

வீட்டுக்கூரையை நாங்கள்தான் திரும்பப் போட்டோம். உதவி என்று யாரும் சொல்லவில்லை. படைக்காரனுக்கு உதவி என்று சொல்வது அவமரியாதை. பதிவேட்டில் 'ஏணிப் பயிற்சி, மேல்குன்று' என்று எழுதினோம். ஆறு பயிற்சியில் கூரை முடிந்தது. ஆறிலும் அவர் கீழே நின்று ஏணியைத் தப்பாகப் பிடிக்கிறோம் என்று கத்தினார்.

அதுவரைக்கும் நிலையத்து மாடியில்தான் தங்கினார். முதல் தண்டனை ஞாயிறு அன்று எங்களுக்கு முன்பே இறங்கிவந்து, முழங்காலுக்குக் கீழே சாக்கைப் போட்டு உட்கார்ந்து குழாயைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே, குழாய் கழுவ ஹெல்மெட் வேணாமா?" என்றாள் மாரிட்ஸா.

அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, நிஜமாகவே யோசித்தார்.

"விதியில இல்லியேம்மா," என்றார். "ஆனா நல்ல கேள்வி. அந்தப் பேனாவ இன்னொரு தடவ குடு."