டெல்மர் பேருக்கு மாறாத டிரக்

பிறந்த மாதம் வந்தாலே நெல்டாவுக்குச் செலவுதான். கென்டக்கியில் வண்டிப் பதிவு முடிவது சொந்தக்காரர் பிறந்த மாதக் கடைசியில். ஊரார் வாழ்த்துச் சொல்லும் ஏப்ரலில் அவள் வேனுக்குச் சொத்து வரி கட்ட ஓடுவாள். கட்டினால்தான் நம்பர் பிளேட்டில் ஒட்டப் புது ஸ்டிக்கர். இந்த வருஷம் வேலைக்கு மேல் வேலை வந்து முப்பதாம் தேதி வரைக்கும் இழுத்துவிட்டாள்.

அவள் பிழைப்பே அந்த வேன்தான். நோயாளிகளை ஏற்றி இறக்கும் கம்பெனிக்கு ஓட்டுகிறாள். அறுபத்திரண்டு வயதாகிறது, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. கம்பெனிக்காரன் படு கறார். நாளைக் காலை ஸ்டிக்கரைப் பார்ப்பான். பழசென்றால் அவளுக்கு ஓட்டம் கிடையாது. நாளை மறுநாள் டெல்மரை டயாலிசிஸுக்கு யார் கூட்டிப் போவது? அவன் குடியிருக்கும் பள்ளத்துக்குள் வேறு டிரைவர் எவனும் வண்டியை இறக்கமாட்டான். ரெண்டு தடவை தவறினால் அவன் கதை முடிந்தது.

டெல்மர் அவளுடைய செத்துப்போன கணவன் கர்ட்டின் தம்பி. இன்றைக்கும் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்த களைப்பில் வேனின் முன்சீட்டில் சாய்ந்து கிடந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு நெல்டா வரி கட்டும் கவுண்டி அலுவலகத்துக்குள் போனாள். மணி மூன்று முப்பத்தைந்து. நாலுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கவுண்டரில் ரீபா. தெரிந்த பெண். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"நெல்டாக்கா, இதைப் புதுப்பிக்க முடியாது போலிருக்கே."

"ஏன்? இன்சூரன்ஸ் சீட்டு இருக்கு, பணமும் கையில இருக்கு."

"வேனுக்கு ஒண்ணுமில்லக்கா. உங்க பேர்ல ஒரு பச்சை டிரக் இருக்கு. அதுக்குப் போன வருஷ வரியும் நிக்குது, இந்த வருஷமும் நிக்குது. அதைக் கட்டாம இதுக்கு ஸ்டிக்கர் வராது."

"அந்த டிரக்கை டெல்மருக்குக் குடுத்து ஒன்றரை வருஷமாச்சு. கையெழுத்துப் போட்டுத்தானே குடுத்தேன்."

"அவரு இங்க வந்து பேரை மாத்தலையேக்கா. ஜனவரி ஒண்ணாந்தேதி யார் பேர்ல இருக்கோ அவங்க தலையிலதான் விழும்."

அந்தப் பக்கத்து வழக்கமே அப்படித்தான். வாசலில் நின்று கைகுலுக்குவார்கள். உரிமைச் சீட்டில் ஒரு கையெழுத்து, சாவி, ஒரு கோப்பை காபி. அதோடு வண்டி கைமாறியாயிற்று என்று நினைப்பார்கள். அலுவலகம் வரை போய்ப் பேர் மாற்றுவதை எவரும் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. டிரக்குக்கு வரி கட்டச் சொல்லிக் கார்டு வந்தபோதெல்லாம் நெல்டா அதை டெல்மரிடம் கொடுத்திருக்கிறாள். அவனும் "சரி அண்ணி" என்று வாங்கிப் பைக்குள் செருகிக்கொள்வான்.

டிரக்குக்கு, பேர் மாற்றும் கட்டணமும் சேர்த்து, நூற்றுத் தொண்ணூறு டாலர். அவள் கையில் இருந்தது எண்பத்தைந்து, அதுவும் வேனுக்கு. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. வெளியே வந்து வேன் கதவைத் திறந்த வேகத்தில் டெல்மர் கண் விழித்துவிட்டான்.

"அந்த டிரக்கை உன் பேருக்கு மாத்தினியா இல்லையா?"

"மாத்தல அண்ணி."

"நான் குடுத்த கார்டெல்லாம் எங்க?"

அவன் மேலங்கியின் மார்புப் பையைத் தட்டிக் காட்டினான். "பத்திரமா இருக்கு."

"அடைகாக்குறியா? பொரிச்சு எத்தனை குஞ்சு வந்துச்சு? உன்னால இப்ப என் வேன் நிக்கப்போகுது. நாளை மறுநாள் உன்னை யாரு கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைச்சே? ஏன் மாத்தல, சொல்லு."

டெல்மர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க டிரக் குடுத்தப்பவே டாக்டரு எனக்கு ஒரு வருஷம்தான்னு சொல்லிட்டாரு. நான் போனா டிரக் திரும்ப உங்களுக்குத்தானே வரப்போகுது. நடுவுல கொஞ்ச மாசத்துக்கு என் பேரு எதுக்குன்னு விட்டுட்டேன்."

நெல்டாவுக்கு இரக்கத்தைக் காட்டிலும் கோபம்தான் பெரிதாக இருந்தது.

"போறதுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருக்கிறவனுக்காகவா நான் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு அந்தப் பள்ளத்துல வண்டியை இறக்குறேன்? முன்னமே சொல்லியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

அவன் பையிலிருந்து கார்டுகளையும், நாலாக மடித்த உரிமைச் சீட்டையும், டிரக்கின் இன்சூரன்ஸ் தாளையும் எடுத்தான். கடைசியாக ஒரு கவர். அதன் மேல் 'ரூஃபஸ்' என்று எழுதியிருந்தது. ரூஃபஸ் அவர்கள் சபைக் கல்லறையில் குழி வெட்டுகிறவன்.

"இருநூத்தம்பது இருக்கு. அவனுக்குன்னு எடுத்து வச்சது. அவன் பொறுத்துக்குவான்."

மணி மூன்று ஐம்பது. வாசலில் பதினொரு படி. பேர் மாற்ற டெல்மரே வந்து கையெழுத்துப் போடவேண்டும். கைப்பிடியை ஒரு கையாலும் அவள் தோளை மறு கையாலும் பிடித்தபடி ஏறினான். ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கினான். உள்ளே யாரோ ஜன்னல் திரையை இறக்கும் சத்தம் கேட்டது. "ரீபா, சாத்திடாத" என்று நெல்டா கீழேயிருந்தே குரல் கொடுத்தாள்.

ரீபா சாத்தவில்லை. பணத்தை எண்ணினாள், காகிதங்களில் முத்திரை குத்தினாள், வேனுக்கான ஸ்டிக்கரை நெல்டா பக்கம் தள்ளினாள். நெல்டா அதை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்து டெல்மர் பக்கம் ஒரு படிவம் வந்தது.

"பிறந்த மாசம் எது?"

"அக்டோபர்."

"அப்ப இனிமே டிரக்குக்கு அக்டோபர் கடைசி. அதுக்குள்ள வந்துரணும்."

கையெழுத்துப் போடப் போன டெல்மரின் பேனா நின்றுவிட்டது. "இந்த அக்டோபரா?"

"இந்த அக்டோபர்தான்" என்றாள் நெல்டா. "உன் பேர்ல இருக்கிற வண்டிக்கு நீதான் வந்து கட்டணும். நான் ஒரு காசு குடுக்கமாட்டேன்."

"யாரு கூட்டிட்டு வருவா?"

"அதுக்குத்தான் ஸ்டிக்கர் வாங்கியிருக்கேன்ல. கையெழுத்தைப் போடு."

போட்டான். ரீபா மீதி அறுபது டாலரைக் கவரில் வைத்துக் கொடுத்தாள். டெல்மர் அதைப் பைக்குள் வைக்கப் போனவன், திரும்பிப் பேனாவைக் கேட்டு வாங்கினான். ரூஃபஸ் பேரை அடித்துவிட்டு, பக்கத்தில் 'அக்டோபர்' என்று எழுதினான்.