மூச்சு அண்ணன்

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும், பீடோங் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவமும்தான் என் படிப்பு. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன். இந்த விஷயத்தை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். அது எடுபடாததால்தான் எழுதுகிறேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. இருதயக் குழாய்களைப் படம் எடுக்கும் அறையின் வாசலோடு அந்த வேலை முடிய வேண்டும். முடிவதில்லை. அந்த அறையில் நோயாளி விழித்தபடியே படுத்திருப்பார். எக்ஸ்ரே கதிர் பாயும் நேரத்தில் அவர் மூச்சைப் பிடிக்க வேண்டும். தோட்டத்து வயதானவர்களுக்குப் பயத்தில் டாக்டர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. பிடி என்றால் விடுவார்கள், விடு என்றால் எழுந்திருக்கப் பார்ப்பார்கள். ஒருநாள் வாசலில் நின்ற நான் உள்ளே எட்டித் தமிழில் சொன்னேன். அன்றிலிருந்து நான் "மூச்சு அண்ணன்." ஒலிபெருக்கியில் சொன்னால் இன்னும் மிரள்கிறார்கள். தலைமாட்டில் ஒரு தமிழ் முகம் வேண்டியிருக்கிறது.

உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஈயக் கவுன், ஈயக் கண்ணாடி, உடம்பில் பட்ட கதிரை அளக்கச் சட்டையில் குத்தும் பட்டை எல்லாம் உண்டு. எனக்கு ஆணியில் தொங்கும் பழைய கவுன் மட்டும். அதனால் நானாக ஒரு வழி வைத்திருந்தேன். நோயாளியோடு சேர்ந்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்வேன். பல வருடம் அப்படித்தான் நின்றேன்.

படம் எடுக்கும் பெண் ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"என்னாண்ணே, சாமியா கும்புடுறீங்க?"

"கண்ணுல படாம இருக்கத்தாம்மா."

"ஐயோ அண்ணே! நெஞ்சையே தாண்டிப் போறத உங்க இமை தடுக்குமா லா?"

சிரித்தவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அதற்கு முன்பே, மாலையில் மோட்டாரில் வீடு திரும்பும்போது எதிரே வரும் கார்களின் விளக்குகள் பூவாக விரிந்து சாலையை மறைத்தன. ஹெல்மெட் கண்ணாடிதான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"தேச்சுத் தேச்சு அதுல ஓட்டதான் விழப்போவுது. மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி.

கண் டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். வலது கண்ணில் புரை, லென்ஸின் பின்பக்கம். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. கதிரால் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. அறுவை செய்து சரிபண்ணலாம், ஆனால் இனிமேல் அங்கே அப்படி நிற்காதீர்கள் என்றார்.

வேறு இடத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்க, எங்களை மேற்பார்வை பார்க்கும் அக்காவிடம் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

"அண்ணே, அந்த ரூம்ல வேலை செய்றவங்கள்ல நீங்க இல்லியே. இல்லாத எடத்துலேருந்து உங்கள எப்படி மாத்துறது?"

"தெனம் உள்ளதான நிக்கிறேன்."

"யாரு நிக்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

"அப்ப எனக்கும் ஒரு கண்ணாடி, ஒரு பட்டை..."

"அது உள்ள வேலை செய்றவங்களுக்குத்தாண்ணே."

"சரி, நாளையிலேருந்து போகாம இருந்துக்கட்டுமா?"

"போகாதீங்க. யாரு உங்கள புடிச்சுக் கட்டிவச்சா? ஆனா உள்ள ஒரு பெரியவரு பயந்துகிட்டுக் கெடந்தா, நீங்க வாசல்ல சும்மா நிப்பீங்களா? மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

அவர் என்னைப் பாராட்டித்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, கரங்கான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கூப்பிட்டார்கள். ஆணியிலிருந்த கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். நான் கண்ணை மூடவில்லை.