பங்கு போட்ட பட்டணம்

வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே கனகாம்பிகை கதைப்பார். "நேரா நில்லுங்கோ. குனிஞ்சு பாக்காதேங்கோ, கால் நீளம் பிழைச்சுப்போகும்." புலம்பெயர்ந்த தமிழர் வாழும் அஜின்கோர்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கும் பல்வைத்தியருக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது அவருடைய உடுப்புத் திருத்தும் கடை. காற்சட்டையின் கால் குறைப்பார், சிப் மாற்றுவார். கலியாணம் நெருங்க நெருங்கப் பெருத்துவிட்ட மணப்பெண்களின் சட்டைகளை, ஒரு கேலியும் பேசாமல் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பார்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. உடுப்பு எப்போது கிடைக்கும் என்று கேட்டால் நாள் சொல்லமாட்டார். "நாள் சொல்லி ஏமாத்தக் கூடாது. முடிஞ்சா போன் அடிப்பன்." கணவர் காணாமல்போய் நாற்பது வருடமாகப் போகிறது. இன்னும் 'இவர்' என்றுதான் சொல்வார், உள்ளறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவரைச் சொல்வதுபோல.

கடந்த நவம்பரில் நான் காற்சட்டை அளவுக்கு நின்றபோது ஸ்டெபனி வந்தார். எழுபதுக்குக் கிட்டிய ஜெர்மன்காரி, பழைய வாடிக்கை. கம்பளிக் கோட்டின் உட்துணி கிழிந்திருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சிறு கொங்கிறீட் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் நீலச் சாயம். பெர்லின் சுவரிலிருந்து தானே கொத்தி எடுத்ததாம். கனகாம்பிகையும் ஒருகாலத்தில் பெர்லினில் இருந்தவர் என்று அறிந்து, பரிசாகக் கொண்டுவந்திருந்தார். கிழக்கே இருந்த பெரியம்மாவின் சாவீட்டுக்குக்கூட அம்மாவால் போக முடியவில்லை என்று சொல்லும்போது ஸ்டெபனிக்குக் கண் கலங்கிவிட்டது. கனகாம்பிகை "யெஸ், யெஸ்" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

கதவு சாத்தியதும் ஊசிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"உவ அழுதது பொய்யில்லை. ஆனா நான் எந்த வழியால வந்தனான் எண்டு உவவுக்குத் தெரியாது."

1986 கோடை. கொழும்பில் ஒரு லொட்ஜில் கணவனும் மனைவியும் விமான டிக்கெட்டோடு காத்திருந்தார்கள். அவருக்குச் செங்கமாரி கண்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, எழும்ப முடியாமல் போயிற்று. "நீர் போம், நான் அடுத்த மாசம் வாறன்" என்று மனைவியை ஏற்றிவிட்டார். கனகாம்பிகை கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கே போனார்.

"யுத்தத்தில வெண்ட நாலு பேர் பங்கு போட்ட பட்டணம். கிழக்கு ரஷ்யன்ரை. மேற்கை அமெரிக்கனும் பிரிட்டிஷும் பிரெஞ்சும் பிரிச்சு வைச்சிருந்தாங்கள். கிழக்கில இறங்கின எங்களை, போ எண்டு விட்டாங்கள். மேற்கில இருந்தவங்கள், உது எல்லையே இல்லை, எல்லாம் ஒரே பட்டணம்தான் எண்டு நிண்டவங்கள். எல்லை இல்லாத இடத்தில ஆர் பாஸ்போர்ட் பாக்கிறது? சுவர் தாண்டின சொந்தச் சனத்தைச் சுட்ட இடத்தால, நான் பெட்டியோடை ரயிலேறிப் போனன்."

கணவர் படுக்கையிலிருந்து எழும்புவதற்குள் கிழக்கும் மேற்கும் பேசி இணங்கிவிட்டன. ஒக்டோபரிலிருந்து, மேற்கு விசா இல்லாதவர்களுக்குக் கிழக்கால் வழி இல்லை. செங்கமாரி குணமாகி, பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போனவரைத் திருப்பி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய பஸ்ஸை வழியில் மறித்து, அவர் உட்பட இளைஞர்களை ராணுவம் இறக்கியது. பக்கத்து ஆசனத்தில் இருந்த ஒருவர் சொல்லித்தான் அவ்வளவும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அவையள் கோவமா இருக்கேக்கை எனக்கு வழி இருந்தது. கதைச்சுச் சமாதானமானவுடனை முதல் மூடினது எங்கடை வழியைத்தான். சுவர் விழேக்கை ரோட்டெல்லாம் ஆடினாங்கள். நான் லோன்றியில படுக்கை விரிப்பு மடிச்சுக்கொண்டு நிண்டனான். கூட வேலை செய்தவள் ஓடிவந்து கட்டிப்பிடிச்சாள். நான் என்னெண்டு சிரிக்கிறது?"

"இதை ஸ்டெபனிக்குச் சொல்லலாமே அன்ரி?"

"சொல்லி? உவ நல்ல மனுசி. கேட்டா இன்னும் அழுவா. பிறகு நான்தான் ஆறுதல் சொல்லவேணும்."

அடுத்த கிழமை காற்சட்டையை எடுக்கப் போனேன். ஸ்டெபனியின் கோட்டுக்குப் புது உட்துணி வைத்து முடித்திருந்தார். கொங்கிறீட் துண்டை எடுத்து அதன் உட்பைக்குள் போட்டார். இரட்டை நூல் கோத்து, பையின் வாயை நெருக்கி நெருக்கித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.