விரல் நீட்டாதவர்

“ஆள் இவன்தான்னு விரலை நீட்டிக் காட்டியிருக்கலாமே டீச்சர், முத்தம் எதுக்கு?”

தையல் இயந்திரத்தை மல்லாக்கப் போட்டு, அதன் வயிற்றுக்குள் தலையை விட்டபடி அவர் கேட்ட கேள்வி இது. அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். மேலே என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்லிக்கொடுப்பேன். அந்த வாரப் பாடம், யூதாஸ் இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த இரவு. ‘டீச்சர்’ என்பது அவருடைய கிண்டல்.

பாடப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். “அடையாளத்துக்கு, மாமா. இருட்டுல யாருன்னு தெரியணும்ல.”

“தினமும் ஆலயத்துல உட்காந்து பேசினவரை ஊருக்கே தெரியும். அடையாளமாம்! போம்மா, பட்டனைத் தை.”

எங்கள் தெருவில் அவருக்கு ‘முத்தம்’ என்று பெயர். வேலை, தையல் இயந்திரம் பழுதுபார்ப்பது. இரண்டு மூக்குக்கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வார். ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு, இரண்டும் சேர்ந்தால் திருகாணிக்கு. புது ஊசியைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்துத்தான் மாட்டுவார். நகத்தில் கீறல் விழுந்தால் அந்த ஊசி குப்பைக்கு. ஓடாத இயந்திரத்தை ஒரு வார்த்தை திட்டமாட்டார், அதை வைத்திருப்பவரைத் திட்டுவார். “இது மிஷின்மா. உன் மாமியார் மேல இருக்கிற கோவத்தை இதுமேல மிதிச்சா அது என்ன பண்ணும்?”

தேநீர் கொடுத்தால் வாசலில் நின்றுதான் குடிப்பார். அவர் தெருவில் இறங்கினால் பையன்கள் உதட்டைக் குவித்து ‘உம்மா’ என்று சத்தம் போடுவார்கள். பாதிப் பேருக்கு அது எதற்கென்றே தெரியாது. அப்பாக்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒருமுறை மட்டும் ஒருவன் பக்கத்தில் நின்று, “சத்தம் சரியா வரல. உதட்டை இன்னும் கொஞ்சம் குவி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன்பு இங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலை இருந்தது. அதில் அவர் மெக்கானிக். அவருடைய உயிர் நண்பர் தொழிற்சங்கச் செயலாளர். சங்கமே இல்லாமல் போன பிறகும் அந்த நண்பரை எல்லாரும் ‘செயலாளர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரு வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சாலை வாசல் முழுக்க ஆட்கள். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை. பஞ்சுத் தூசிக்காகக் கட்டும் துணி எல்லார் முகத்திலும். வந்திருந்த போலீஸாருக்குச் செயலாளர் யாரென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மெக்கானிக் கூட்டத்துக்குள் புகுந்து, செயலாளரைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கையை எடுப்பதற்குள் போலீஸார் வந்து செயலாளரை இழுத்துப் போனார்கள். சிறையிலிருந்து திரும்பியபோது செயலாளருக்கு இடது காது கேட்கவில்லை. மெக்கானிக்குக் கண்காணிப்பாளர் பதவி கிடைத்தது. அடுத்த வருடமே தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள்.

தெரிந்துதான் கட்டிப்பிடித்தாரா, தற்செயலா? தெரு ஒரு முடிவுக்கு வந்து பெயரும் வைத்துவிட்டது. செயலாளர் மட்டும் அதைப் பற்றிச் சங்கத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. மெக்கானிக் எதிரே வந்தால் சாலையைத் தாண்டி மறுபக்கம் போய்விடுவார்.

“மன்னிச்சுடுடான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா அந்த மனுஷன் நிம்மதியாயிடுவாரு,” என்பாள் அம்மா. “அதுக்காகத்தான் இத்தனை பேச்சும் வாங்கிக்கிட்டு இங்கயே கிடக்கிறாரு. செயலாளர் ஒரு நிமிஷம் நின்னு காதைக் குடுத்தாத்தானே?”

யூதாஸைப் பற்றி முத்தம் விசாரிக்காத ஆளில்லை. ஒரே நோயைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு டாக்டராகப் பார்ப்பவரைப் போல, சபைக்கு வருகிற போதகரிடமெல்லாம் கேட்பார். எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. சாத்தான் அவனுக்குள் புகுந்துவிட்டான் என்றார் ஒருவர். “அப்போ சாத்தானைத் திட்டுங்க. இவனை ஏன் திட்டறீங்க?” பேராசை என்றார் இன்னொருவர். “ஆசை பிடிச்சவன் வாங்கின காசைக் கொண்டுபோய் வீசிட்டு வருவானா?” நாடகம் போடுகிற வாத்தியார் ஒருவர் புதிதாக ஒன்று சொன்னார். நெருக்கடியில் தள்ளினால் தலைவர் எழுந்து போராடுவார் என்று யூதாஸ் நம்பினானாம். இதைக் கேட்டு முத்தம் தலையாட்டினார். “கேட்க நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு,” என்றார்.

பேதுருவும் இயேசுவைத் தெரியாது என்று சொன்னவன்தானே, அவனுக்கு மட்டும் எப்படி மன்னிப்புக் கிடைத்தது என்று நானே ஒருநாள் கேட்டேன்.

“அவன் மறுபடியும் அவரைப் பாத்துட்டானே, டீச்சர். யூதாஸும்தான் தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னான். யார்கிட்ட சொன்னான்? காசு குடுத்தவன்கிட்ட போய்ச் சொன்னான். சொல்லவேண்டிய ஆளுகிட்ட சொல்லல.” எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துத் துடைத்துக் கிழித்தேவிட்டார்.

போன வருடம் புதிதாக ஓர் இளம் போதகர் வந்தார். யூதாஸ் இல்லாவிட்டால் சிலுவை இல்லை, சிலுவை இல்லாவிட்டால் மீட்பு இல்லை, எல்லாம் முன்பே வகுத்த திட்டம், அவனும் கடவுள் கையில் ஒரு கருவி என்று பிரசங்கம் செய்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். கடைசி வரிசையைப் பார்த்தே சொன்னார். அங்கே கதவோரம் இருந்த முத்தம் எழுந்துவிட்டார்.

“கருவின்னா எனக்குத் தெரியும் ஐயா. என் பை நிறைய இருக்கு. எந்த ஸ்பேனரும் ராத்திரி தூங்காம முழிச்சுக்கிட்டுக் கிடக்காது.”

சிலர் சிரித்தார்கள். எங்கிருந்தோ ஒரு ‘உம்மா’ வந்தது. முன் வரிசையில் இருந்த செயலாளர் திரும்பவே இல்லை.

மறுநாள் கடையில் அம்மா கடிந்துகொண்டாள். “சும்மா இருக்கக் கூடாதா அண்ணே? பாவம், அவரு உங்களுக்காகத்தானே பேசினாரு?”

“அதான்மா கோவம். செஞ்சது நான். அதையும் என்கிட்டயிருந்து பிடுங்கிக்கிட்டா, அப்புறம் என்கிட்ட என்னதான் இருக்கு?”

அவர் வாயால் அதை அப்போதுதான் கேட்டோம். அம்மாவின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“விரலை நீட்டினா, காட்டிக்குடுக்கறோம்னு நமக்கே தெரிஞ்சுபோயிடும் டீச்சர். கட்டிப்பிடிச்சா, சிநேகிதனைப் பாக்கத்தான் போனேன்னு நம்மகிட்டயே சொல்லிக்கலாம். நான் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டேன்.”

இந்த வருடம் செயலாளர், மகள் இருக்கும் ஊருக்கே குடிபோவது என்று முடிவு செய்தார். அவர் மனைவியின் தையல் இயந்திரம் பழுதுக்காக எங்கள் கடையில் இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் அதை எடுத்துப்போக அவரே வந்தார். முத்தம் அந்த இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மேல் தகட்டை மாட்டுவது மட்டும் பாக்கி. செயலாளர் வாசலோடு திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்காரவும் இல்லை.

முத்தம் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி வைத்தார். எழுந்து, செயலாளரின் காது கேட்கும் பக்கமாகப் போய் நின்றார்.

“அன்னைக்கு வாசல்ல, நான் கட்டிப்பிடிச்சப்போ, உனக்குத் தெரிஞ்சுதாடா?”

“தெரிஞ்சுது. அவங்க வர்ற வரைக்கும் நீ கையை எடுக்கல.”

“அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா நீ ஒத்துக்குவ. ஒத்துக்கிட்டா வந்து மன்னிப்புக் கேப்ப. கேட்டா நான் குடுத்தாகணும். எத்தனை தடவை கேட்டாலும் குடுக்கணும்னுதானே நம்ம ரெண்டு பேருக்கும் சொல்லி வளர்த்தாங்க?” செயலாளரின் குரல் உயரவே இல்லை. “எனக்குக் குடுக்க மனசில்லடா. அதுக்காகத்தான் உன்னைப் பாக்கும்போதெல்லாம் ரோட்டைத் தாண்டிப் போனேன்.”

முத்தத்தின் உதடுகள் அசைந்தன. கேட்டால் கிடைத்துவிடும். அத்தனை வருடம் காத்திருந்த மன்னிப்பு கைக்கெட்டும் தூரத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

“கேளுடா,” என்றார் செயலாளர். “கேட்டுத் தொலை. நாளைக்கு நான் இருக்கமாட்டேன்.”

இதைப் படிக்கிற நீங்கள், நடந்ததை நடந்தபடி உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். முத்தம் செயலாளரின் காலில் விழுந்தார், இருவரும் அழுதார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எங்கள் தெருவில் இப்போது சொல்கிறார்கள். நீங்கள் அப்படி முடிக்காதீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். முத்தம் மன்னிப்புக் கேட்கவில்லை, திரும்பி வந்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். மேஜையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக உதடுகளுக்கு நடுவே வைத்து, வாயை இறுக மூடிக்கொண்டார்.