எதிர்க்கடைக்குக் கிடைத்த பங்காளி

திருவொற்றியூரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அப்போதெல்லாம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு லாரி துறைமுக கேட்டுக்குள் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும், சில சமயம் மறுநாளும் ஆகிவிடும். அந்த வரிசையை நம்பித்தான் நாங்கள் பிழைத்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சரக்கெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு வர ஆரம்பித்ததும் அவர் தோளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் சாலையோரம் தார்ப்பாய் கட்டி டிரைவர்களுக்குக் காலையில் இட்லியும் மத்தியானம் சோறும் மீன் குழம்பும் போட்டேன். அவர் பாத்திரம் கழுவினார்.

சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி கடை போட்டிருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். கடை போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து எந்த அரிசி நல்லது, குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டுக்கொண்டு போனாள். நானும் மகராசியாகச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு எதிரிலேயே வந்து அடுப்பு மூட்டுவாள் என்று யார் கண்டது? ஆனால் இரண்டு கடைக்கும் போதுமான லாரி நின்றதால் நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

சர்ச் பக்கத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பெண் ஒருநாள் வந்து புதுக்கதை ஒன்று சொன்னாள். வெளிநாட்டில் சிலர் சேர்ந்து நம் ஊர்ச் சின்னக் கடைகளில் பங்கு எடுக்கிறார்களாம். தானம் இல்லை, வட்டிக்கடனும் இல்லை. லாபத்திலும் பங்கு, நஷ்டத்திலும் பங்கு. இப்படி ஒவ்வொரு கடையாகத் தூக்கிவிட்டால் ஏழ்மை ஒழியும் என்பது அவர்கள் கணக்கு.

"இந்த ரோட்ல ஒரு கடைக்குத்தான் தருவாங்கக்கா. உங்க கடை, எதிர்க்கடை ரெண்டையும் சொல்லிக்கீறேன். ஒரு வெள்ளைக்காரம்மா நேர்ல வந்து பாப்பாங்க" என்றாள்.

எனக்கு வேண்டியது ஒரு கூரை. எந்த முனிசிபாலிட்டி ஆள் எப்போது வந்து தார்ப்பாயைப் பிடுங்குவான் என்று பயப்படாமல் சோறு வடிக்க ஒரு இடம். உள்ளே ஒரு கிரைண்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டி என் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அந்தம்மா மனசு வைத்தால் எல்லாம் நடக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வேலையை ஏறக்கட்டிவிடுவோம். வந்தவரை உட்கார வைத்துவிட்டு நம் பாட்டுக்கு வேலை பார்த்தால் அதைவிட அவமரியாதை இல்லை. அதனால் அன்றைக்கு நான் கடையை மூடினேன். வாசலைக் கழுவிக் கோலம் போட்டேன். வாடகைக்கு நாற்காலி எடுத்தேன். வீட்டுக்காரரைச் சவரம் செய்துகொள்ளச் சொன்னேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அந்தம்மா ஒருத்திக்காக இறால் தொக்கு செய்தேன். வழக்கம்போல் சாப்பிட வந்த டிரைவர்களையெல்லாம் வாசலிலேயே மறித்தேன்.

"இன்னிக்கு கட இல்லப்பா. வெளிநாட்லருந்து விருந்தாளி வராங்க. எதிர்ல போயி துன்னுங்க."

என் வாயாலேயே அனுப்பினேன்.

அந்தம்மா வந்தாள். இறாலைச் சாப்பிட்டுவிட்டுக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வர, நன்றாக இருக்கிறது என்றாள். காலி பெஞ்சைப் பார்த்து, யாரும் வரமாட்டார்களா என்று அலுவலகப் பெண் மூலமாகக் கேட்டாள். "உங்களுக்காக எல்லாரையும் போகச் சொல்லிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அந்தம்மா சும்மா தலையாட்டினாள்.

பிறகு சாலையைத் தாண்டிப் போனாள். அங்கே என் டிரைவர்களும் எதிர்க்கடைக்காரியின் டிரைவர்களும் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தலை கலைந்து, வேர்த்து வழிய, கையில் குழம்புச் சட்டியோடு வந்தவள் வெள்ளைக்காரம்மாவைப் பார்த்து, "ஒத்திக்கம்மா, சூடு, சூடு" என்றாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கதை முடிந்தது என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

பங்கு அவளுக்குத்தான் கிடைத்தது.

"உங்க கடையில ஆளே இல்லியேன்னாங்க. அந்தக் கடையில அவ்ளோ கூட்டமாம்" என்றாள் அலுவலகப் பெண்.

"அடியே, அது என் கூட்டம்டி!" என்று நான் கத்திய கத்தலில் லாரியிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தன.

மெயின் ரோட்டு வாடகை கட்டுப்படியாகாது என்று பக்கத்துச் சந்துக்குள் அவளுக்கு இடம் பிடித்தார்கள். தரைக்கு டைல்ஸ் போட்டார்கள், மேலே மின்விசிறி மாட்டினார்கள். இட்லிக்கடைப் போர்டில் எதற்கோ ஆப்பிளும் திராட்சையும் வரைந்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்த மின்விசிறி அவள் தலையில் விழாதா என்றுகூட நினைத்தேன். இடத்தையும் சாமானையும்விட என்னை அதிகம் வாட்டியது வேறு. எங்கேயோ ஒரு நாட்டில், முகம் தெரியாத யாரோ, அவள் கடை நன்றாக ஓடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். என் கடை ஓடவேண்டும் என்று நினைக்க என்னையும் வீட்டுக்காரரையும் விட்டால் யார் இருந்தார்கள்?

கிரைண்டர் வந்த அன்றைக்கு அவளே ஓடி வந்தாள். "யக்கா, உன் அரிசியையும் எடுத்தாந்து இதுல போட்டுக்கோ. கை எரியுதுன்னு சொல்லிகினு இருந்தியே."

"என் கை எனக்கு நல்லாத்தான் கீது. நீ போ" என்றேன். அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு மடங்கு அரிசியை ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினேன். கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

ஆனால் கொஞ்ச நாளிலேயே அவளுடைய டிரைவர்கள் ஒவ்வொருவராக என் தார்ப்பாய்க்கு அடியில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். லாரி வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது வண்டியை எடுக்காவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், அரை நாள் போச்சு. என் கடையில் உட்கார்ந்தால் வண்டி கண்ணெதிரே தெரியும். பாதிச் சோற்றில் எழுந்து ஓடி வண்டியை நகர்த்திவிட்டு, திரும்பி வந்து மீதியைச் சாப்பிடுவார்கள். சந்துக்குள் உட்கார்ந்தால் சாலையே தெரியாது.

நாமக்கல் டிரைவர் ஒருவர் சொன்னார்: "அங்க ஃபேனு இருக்குதுங்க, டைல்ஸ் இருக்குதுங்க. வண்டி தெரிய மாட்டேங்குதே!"

அவருக்கு ஒரு துண்டு மீன் சும்மாவே வைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அவள் டைல்ஸ் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"யக்கா, அங்க அடுப்பு கீது, கிரைண்டர் கீது, ஆளு இல்ல. உன்னாண்ட ஆளு கீது. நான் அங்க ஆக்கித் தரேன், நீ இங்க போடு. வர்றத ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். இன்னா சொல்ற?"

உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு நாள் அலைய விட்டேன். மழைக்காலம் வந்து குழம்பில் தண்ணீர் சொட்டத் தொடங்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பங்கு அவள் பேரில்தான் இருந்தது, போர்டும் அவளுடையதுதான், நான் அவளுக்கு வேலை செய்கிறவளைப் போலத் தெரிவேனே என்று குமைந்தேன்.

அடுத்த வருஷம் அந்த வெள்ளைக்காரம்மா மறுபடி வந்தாள். முதலில் சந்துக்குள் போய்க் காலிக்கடையைப் பார்த்தாள். பிறகு எதிர்க்கடைக்காரியும் அலுவலகப் பெண்ணும் கூட வர, சாலைக்கு வந்து என் கடைக்கூட்டத்தைப் பார்த்தாள். இது யாருடைய கடை என்று கேட்டாள்.

இவள் இப்போது 'என்னோடதுதான், இந்தக்காவ சம்பளத்துக்கு வெச்சிக்கீறேன்' என்று சொல்லுவாள் என நினைத்தேன். நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் அலுவலகப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்தம்மாக்கு நல்லா புரியற மாதிரி சொல்லு. இது இந்தக்கா கட. அன்னிக்கு என் கடையில நீங்க பாத்த கூட்டத்துல பாதி இவங்க அனுப்புனது. உங்களுக்கு மரியாத பண்ணணும்னு தன் கடைய மூடிட்டாங்க. அது தெரியாம என்னாண்ட குடுத்துட்டீங்க. எனக்கு குடுத்ததுல பாதிய இவங்க பேர்ல எழுதுங்க."

நான் தீட்டி வைத்திருந்த நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் உட்காரப் பெஞ்சைத் துடைத்தேன்.

எழுதித் தந்தார்கள். அடுத்த மழைக்கு முன்னால் என் தார்ப்பாய் இருந்த இடத்துக்குப் பின்னாலேயே, சாலை தெரிகிற மாதிரி, ஓட்டுக்கூரையோடு கடை வந்தது; இரண்டு கடை வியாபாரமும் ஒன்றானதால் மெயின் ரோட்டு வாடகை கட்டுப்படியாயிற்று. போர்டில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது. இப்போது சந்தோஷமா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். டைல்ஸுக்கும் கிரைண்டருக்கும் பட்ட பொறாமை, என் பெயர் போர்டில் ஏறியதும் அடங்கிவிட்டது. அந்த மனசு அவளுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.