விழுந்தால் தூக்காத வீடு

போன சனிக்கிழமை மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கோவில்பட்டி வெயிலுக்கு ஏசி அறையில் சும்மா உட்காரக் கிடைக்கிறதே என்றுதான் போனேன். பிள்ளைகளுக்கு மன உறுதியை வளர்ப்பது எப்படி என்று பேச வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். திரையில் ஒட்டகச்சிவிங்கி குட்டி போடுவதைக் காட்டினார். குட்டி எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. தாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. "விழுந்த பிள்ளையை ஓடிப்போய்த் தூக்காதீர்கள்" என்றார் அவர். எல்லாரும் கை தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். எனக்கு எங்கிருந்தோ வெயிலில் காய்ந்த பருத்தியின் வாசம் வந்தது.

இதையேதான் என் அப்பா திரையும் மைக்கும் இல்லாமல் சொன்னார். அவரை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். எங்களுடையது ஆடு மேய்த்த குடும்பம். எட்டயபுரத்துக்குத் தெற்கே கொஞ்சம் கரிசல் நிலமும் இருந்தது. ஆடு குட்டி போட்டால், குட்டி தானாகக் காலூன்றி நிற்கும்வரை எங்கள் ஆட்கள் கை வைக்க மாட்டார்கள். ஆள் தூக்கிவிட்ட குட்டி தேறாது என்பார்கள். ஆட்டுக்குச் சொன்னதை ஐயா அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். "ஆட்டுக்குட்டிய எவன் தூக்குதான்? அது எந்திரிக்கல்லா?" என்பார். அந்தக் குட்டியை யாரும் மறுநிமிடமே பருத்தி எடுக்க அனுப்புவதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மழை பெய்த கரிசலில் நீங்கள் நடந்திருக்கிறீர்களா? ஒவ்வோர் அடிக்கும் மண் காலோடு அப்பிக்கொண்டே வரும். கொஞ்ச தூரத்தில் கால் யாருடையதோ மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழும். மற்ற வீட்டுப் பிள்ளைகளை அவரவர் அம்மா வந்து தூக்குவாள். நாங்கள் விழுந்தால் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "எந்திரி" என்ற ஒரு சொல்தான் வரும். நான் யாராவது வருவார்களா என்று படுத்தபடியே பார்ப்பேன். பசி எடுத்ததும் எழுந்துவிடுவேன். என் மன உறுதி அவ்வளவுதான். என் அக்கா பேச்சி அப்படி இல்லை. முழங்கால் கிழிந்திருந்தாலும் சட்டென்று எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு ஐயாவைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் அரிதாக ஒரு தலையசைப்புத் தருவார். அதற்காக அவள் எதையும் தாங்குவாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அது சித்திரை மாதம், கடைசிப் பருத்தி எடுப்பு. கரிசல் காய்ந்து, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. நாங்கள் ஆளுக்கொரு நிரையாகப் பருத்தி எடுத்துக்கொண்டு போனோம். பேச்சியின் கால் ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. "முள்ளு குத்திட்டு, ஐயா" என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மா தன் நிரையை விட்டுவிட்டு ஓடினாள். ஐயா கையை நீட்டி அவளை மறித்தார்.

"தூக்காத. அவளே எந்திரிப்பா."

அம்மா நின்றுவிட்டாள். பேச்சி எழுந்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. லேசாக நொண்டிக்கொண்டே அந்த நீள நிரையை முழுக்க எடுத்து முடித்தாள். ஐயா என்னிடம், "பாத்தியால?" என்று பெருமையாகக் கேட்டார்.

நிரை முடிவில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் உட்கார்ந்தவள் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாள். வெயில்தான், தண்ணீரைக் குடித்துவிட்டு எந்திரி என்றார் ஐயா. குடித்த தண்ணீர் கடைவாய் வழியாக வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் அவள் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே பாம்பின் பல் பட்ட இடம் வீங்கியிருந்தது.

அன்றைக்கு ஐயா பேச்சியைத் தூக்கினார். தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். பஸ் வருவதற்குள் தோளிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ரோட்டில் கூடிய கூட்டத்தில் யாரோ ஒருவர், "கடிபட்ட பிள்ளைய நடக்க விடலாமா, அண்ணாச்சி?" என்று கேட்டார். கேட்டவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் "எந்திரி" என்ற சொல் இல்லாமல் போயிற்று. விடிந்தால் ஐயா என் தலைமாட்டில் டம்ளரைத் தட்டி எழுப்புவார். அம்மா அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சலில் கஞ்சி வைத்தாள். பேச்சியின் பெயரை எடுக்கவே இல்லை. அம்மா மறந்துவிட்டாள் என்றுகூட நான் நினைத்தேன். எனக்கும் மீசை முளைத்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது.

ஐயாவுக்குத் தளர்ச்சி வந்த பிறகு ஒருநாள் காலையில் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். நான் ஓடினேன். அம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"தூக்காத. அவியளே எந்திரிப்பாவ."

அம்மா குரலை உயர்த்தவில்லை. நான் அந்தக் கையைத் தாண்டவில்லை. ஐயா குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, வெகுநேரம் கழித்து எழுந்து நின்றார். மூச்சு வாங்கியது. அம்மாவையே பார்த்தார்.

"பேச்சியும் எந்திரிச்சா" என்று சொல்லிவிட்டு அம்மா சோறு வடிக்க உள்ளே போனாள்.

ஐயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டாள்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. நிலத்தை விற்றாகிவிட்டது. அங்கே கண்ணுக்கெட்டியவரை சோலார் தகடுகள். வேப்பமரத்தையும் நிழல் விழுகிறது என்று வெட்டிவிட்டார்கள். பேச்சி நொண்டிக்கொண்டே எடுத்து முடித்த நிரை எந்தத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்த இருவரும் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, எங்களுக்காகக் காத்திருந்த மகள் ஓடிவந்து படிக்கட்டில் தடுக்கி விழுந்தாள். நான் குனிந்தேன். மனைவி சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். "இருங்க, அவளே எந்திரிப்பா" என்றாள். இந்தக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் கையை உதறிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். வளர்ந்த பிள்ளை, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நெளிந்தாள். அது சிமெண்டுத் தரை, அதில் வெடிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அவள் சாக்ஸைக் கழற்றி, கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.