வால்வைக் கழற்றிய போலீஸ்காரர்

மலைநகரமான தானா ராத்தாவின் முச்சந்தியில் நின்ற அந்தத் தமிழ்ப் போலீஸ்காரருக்கு நீளக் கழுத்து, அளவு மீறிய மழைக்கோட்டு. எந்தச் சைக்கிளையும் நிறுத்தி பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார். எழுபதுகளின் கடைசியில், காலேஜ் லீவில் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்த நானும் மாட்டினேன்.

"பிரேக் எங்க தம்பி?"

"கால்ல சிலிப்பர் இருக்குலா சார். டயர்ல வச்சு அமுக்குனா நின்னுடும்."

எங்கள் லயத்து வீடுகளில் பாதிப் பேருக்கு அதுதான் பிரேக். அவர் டயர் வால்வைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். காற்று புஸ்ஸென்று போனது.

"லோரிக்காரன விட்டுடுங்க, எங்களையே புடிங்க!"

"அவனையும் புடிப்பேன். நீ பிரேக் போட்டுட்டு வந்து வால்வ வாங்கிக்க. இப்ப தள்ளிட்டு நட."

திட்டிக்கொண்டே இறக்கத்தில் நடந்தேன். வளைவில் ஒரு காய்கறி லோரி ரோட்டோரத்தை உரசிக்கொண்டு வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிக்குள் பாய்ந்தேன். ஓட்டி வந்திருந்தால், சிலிப்பரை வைத்து நிறுத்துவதற்குள் செத்திருப்பேன்.

மறுநாள் பிரேக் மாட்டி, நன்றி சொல்லத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு லோரி டிரைவருக்கு அபராதச் சம்மன் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிரேக்கை இரண்டு தடவை அமுக்கினார். பையிலிருந்து வால்வை எடுத்தார்.

"சார், நேத்து நீங்க மட்டும் இல்லன்னா..."

"இந்தப் பனியில லோரிக்காரனுக்கு நீ எப்படித் தெரிவ? லைட்டு எங்க?"

வால்வு மறுபடி அவர் பைக்குள் போனது. அன்றும் நடந்தேன், சிரித்துக்கொண்டே.